தி கால், தி கில்டி: எது கடைசிவரை தாங்குகிறது?

இரண்டு படங்களிலும் கடத்தப்பட்ட பெண் போனில்; மறுமுனையில் அவசர உதவி மையம். 2013-இல் வந்த ‘தி கால்’ முதல் பாதியில் மூச்சுவிட விடாது. கார் டிக்கிக்குள் அபிகெயில் பிரெஸ்லின். கையில் ப்ரீபெய்டு போன். இடத்தைத் துல்லியமாகக் கண்டுபிடிக்க முடியவில்லை. மறுமுனையில் அழைப்பை எடுத்த மைய ஊழியர் ஹாலி பெரி சொல்லச் சொல்ல, பின்விளக்கை உதைத்துத் தள்ளி, அந்த ஓட்டை வழியே வெள்ளைப் பெயின்டைச் சாலையில் ஊற்றுகிறாள். என்ன காட்சி அது!

அப்புறம்தான் கோளாறு. ஹாலி பெரி நாற்காலியை விட்டெழுந்து, தன்னந்தனியாகக் கடத்தல்காரனைத் தேடிப் போகிறார். குரலை நம்பி நின்ற படம், பார்த்துப் பழகிய பாதாள அறைப் படமாகிவிடுகிறது. அவனுக்குக் கடைசியில் கிடைக்கும் தண்டனையோ, அதுவரை பார்த்த அந்தப் பொறுப்பான பெண்ணுக்குச் சற்றும் ஒட்டவில்லை.

டென்மார்க்கின் ‘தி கில்டி’ (2018) எழுந்து போகவே இல்லை. இயக்குநர் குஸ்தாவ் மோலர் கேமராவை அவசர மையத்துக்குள்ளேயே வைத்திருக்கிறார். ஒரு முகம், ஒரு ஹெட்செட், போன் வழியே மழையும் வைப்பர் சத்தமும். மீதியை நாமே கற்பனை செய்கிறோம். அந்தக் கற்பனையையே படம் பின்னால் தலைகீழாக்குகிறது. சுமார் 85 நிமிடம்தான். என் ஓட்டு இதற்கே. ‘தி கால்’ படத்தை அந்த டிக்கிக் காட்சிகளுக்காக மட்டும் பாருங்கள்.