பழைய அக்சென்ட்டில் பவர் ஸ்டீரிங் ஹோஸ்: மாற்றினால் மூன்றையும் சேர்த்து மாற்றுங்கள்

காரைக்குடி, தேவகோட்டைப் பக்கம் எண்ணெய் அழுத்தத்தில் வேலை செய்யும் ஹைட்ராலிக் பவர் ஸ்டீரிங் உள்ள பழைய கார்கள் இன்னும் நிறைய இருக்கின்றன. தினமும் ஓடுவது பாதி, சிங்கப்பூரிலிருந்தும் சென்னையிலிருந்தும் பிள்ளைகள் கல்யாணத்துக்கோ படைப்புக்கோ வரும்போது மட்டும் எடுப்பதற்காகக் கொட்டகையில் நிற்பது பாதி. எங்களுடையது அப்பச்சி வாங்கிய 2005 மாடல் ஹூண்டாய் அக்சென்ட், பெட்ரோல் வண்டி. அதில் இரண்டு தடவை ஸ்டீரிங் ஹோஸ் வேலை பார்த்து, அதற்கப்புறம் சில வருடங்கள் ஓட்டியும் பார்த்துவிட்டதால் இதை எழுதுகிறேன்.

முக்கியமானதை முதலில் சொல்லிவிடுகிறேன். ஒழுகுகிற ஹோஸை மட்டும் மாற்றிவிட்டு வராதீர்கள். எண்ணெய் டப்பாவிலிருந்து பம்புக்கு ஒன்று (சப்ளை), பம்பிலிருந்து சக்கரங்களைத் திருப்பும் ஸ்டீரிங் ராக்குக்கு ஒன்று (பிரஷர்), ராக்கிலிருந்து திரும்ப டப்பாவுக்கு ஒன்று (ரிட்டர்ன்), இந்த மூன்றுக்கும் ஒரே வயது, மூன்றும் வெந்தது ஒரே என்ஜின் சூட்டில்தான். நடுவில் உள்ள பிரஷர் ஹோஸ்தான் விலை கூடியது, மற்ற இரண்டும் அதில் கால்வாசிகூட வராது. ஆனால் அந்த மலிவான இரண்டையும்தான் யாரும் திரும்பிப் பார்ப்பதில்லை.

எங்கள் வண்டியில் முதலில் போனது பிரஷர் ஹோஸ், 2018 கோடையில். ஸ்டீரிங்கை முழுக்க ஒடிக்கும்போது அந்த ஹோஸுக்குள் அழுத்தம் 70 பாரைத் தாண்டும். டயரில் நாம் அடிக்கும் காற்று 2 பார் சொச்சம்தான் என்று வைத்துப் பார்த்தால் அது என்ன பாடுபடுகிறது என்று புரியும். ரப்பரும் இரும்புக் குழாயும் சேரும் இடத்தில் ஒரு பூண் போட்டு நசுக்கியிருப்பார்கள், அங்கேதான் கசிவு ஆரம்பித்தது. தரையில் சொட்டு விழுந்த இடத்தை வைத்துத் தேடினால் கிடைக்காது, எண்ணெய் ஹோஸ் வழியாகவே வழிந்து எங்கேயோ தாழ்வான இடத்தில் போய்த்தான் சொட்டும். எல்லாவற்றையும் துடைத்துவிட்டு, என்ஜினை ஓடவிட்டு, ஒருவரை ஸ்டீரிங்கைத் திருப்பச் சொல்லி, ஈரம் தெரிகிற இடங்களில் எது மேலே இருக்கிறதோ அதைப் பிடிக்க வேண்டும். இதைத் தள்ளிப்போடவே கூடாது. இந்த எண்ணெய் சூடான சைலன்ஸர் குழாய் மேல் பட்டால் புகை மட்டுமில்லை, தீயே பிடிக்கலாம்.

அப்போது கம்பெனி ஹோஸ் உடனே கிடைக்கவில்லை. ஜேசிபிக்கும் போர்வெல் வண்டிக்கும் ஹோஸ் அடித்துத் தரும் கடையில், பழைய இரும்பு முனைகளை அப்படியே வைத்துக்கொண்டு நடுவில் புது ஹைட்ராலிக் ஹோஸ் போட்டு பிரஸ் பண்ணிக் கொடுத்தார்கள். நியாயமாகச் சொன்னால், அது ஒரு சொட்டுகூட ஒழுகவில்லை. ஆனால் வண்டியை ஒடித்து நிறுத்தும்போதெல்லாம் ஒரு முனகல். காரணம் இதுதான்: பம்ப் எண்ணெயைத் துடிப்புத் துடிப்பாகத்தான் தள்ளும், காருக்கென்று செய்த ஹோஸ் கொஞ்சம் விரிந்து கொடுத்து அந்தத் துடிப்பை வாங்கிக்கொள்ளும். சில வண்டிகளில் சத்தத்தை அடக்கவே ஹோஸுக்குள் இன்னொரு சிறு குழாய் இருக்கும். ஜேசிபி ஹோஸ் கம்பி பின்னிய விறைப்பான சரக்கு, அது விரியாது, துடிப்பு அப்படியே ராக்குக்கும் பாடிக்கும் போய்விடும். வழியில் மாட்டிக்கொண்டால் தாராளமாகப் போடுங்கள், அதையே நிரந்தரமாக விட்டுவிட வேண்டாம்.

அப்புறம் 2021-ல் வேறு மாதிரித் தொல்லை. காலையில் ஸ்டார்ட் பண்ணியதும் பம்பிலிருந்து கீச்சென்று ஒரு இரைச்சல், வண்டி சூடானதும் குறையும். தரையில் ஒரு பொட்டு எண்ணெய் இல்லை. டப்பாவைத் திறந்தால் மேலே நுரை. மெக்கானிக் பார்த்துவிட்டு, "பம்ப் போயிருச்சுண்ணே, மாத்திருவோம்" என்றார். நுரை என்றாலே காற்று எங்கேயோ உள்ளே போகிறது என்றுதானே அர்த்தம், எண்ணெய் வெளியே வராமல் காற்று மட்டும் உள்ளே போக வேண்டுமென்றால் அது பம்ப் உறிஞ்சுகிற பக்கமாகத்தான் இருக்க வேண்டும், அதனால் பம்பைத் தொடும் முன் ஹோஸைக் கழற்றுவோம் என்றேன். அவரும் ஒத்துக்கொண்டார்.

கழற்றிய சப்ளை ஹோஸைக் கத்தியால் நீளவாக்கில் கீறிப் பார்த்தோம். வெளியே பார்க்க ஒன்றும் தெரியவில்லை, கொஞ்சம் விறைத்திருந்தது, அவ்வளவுதான். உள்ளே சுவர் ஊறிப்போய் மெத்தென்று இருந்தது, விரலால் தேய்த்தால் மை மாதிரி கறுப்பாக வந்தது. கிளிப் கடித்த இடத்தில் ஆழமாக ஒரு பள்ளம், அதன் ஓரத்தில் மெல்லிய வெடிப்பு. டப்பாவின் அடியில் உள்ள வலையிலும் அதே கறுப்புத் துகள். எண்ணெய் கறுப்பது பழசானதால் மட்டும் என்று நினைக்க வேண்டாம், கரைந்த ரப்பரும் அதில் இருக்கிறது. அது வலையை அடைக்கும், பம்பையும் ராக் சீலையும் தேய்க்கும்.

அன்றைக்கு மூன்றையும் மாற்ற முடிவு செய்தோம். பிரஷர் ஹோஸை மதுரையில் சொல்லிவைத்து ஹூண்டாயின் அசல் உதிரிபாகமான மோபிஸ் சரக்காகவே வாங்கினேன். மற்ற இரண்டுக்கும் மீட்டர் கணக்கில் விற்கும் ஹோஸ் போதும், ஆனால் எந்த ஹோஸ் என்பதில் கவனம் வேண்டும். சைஸ் சரியாக இருக்கிறது என்று ரேடியேட்டர் ஹோஸை வெட்டிக் கொடுப்பார்கள். தண்ணீர் ஹோஸ் பெரும்பாலும் இபிடிஎம் ரப்பர், எண்ணெய் பட்டால் உப்பிப்போகும். பவர் ஸ்டீரிங் ரிட்டர்ன் லைனுக்கான ஹோஸ் என்று கேளுங்கள், மேலே எஸ்ஏஈ ஜே189 என்று அச்சடித்திருந்தால் சந்தேகமே வேண்டாம்.

மாட்டுவதில் பெரிய வித்தை எதுவும் இல்லை, இரண்டு இடத்தில் மட்டும் பொறுமை வேண்டும். பம்பில் பிரஷர் ஹோஸ் சேரும் போல்ட்டுக்கு இரண்டு பக்கமும் வாஷர் உண்டு, அந்த இரண்டையும் புதிதாகவே போட வேண்டும். நசுங்கிய பழைய வாஷரை எவ்வளவு முறுக்கினாலும் கசியும், கடைசியில் மரைதான் போகும். இரண்டாவது, இரண்டு முனையையும் லூசாகக் கோத்து, ஹோஸ் முறுக்கில்லாமல், எதிலும் உரசாமல் படுக்கிறதா என்று பார்த்து, கிளிப்பை மாட்டிவிட்டு, அதற்குப் பிறகுதான் டைட் பண்ண வேண்டும்.

எண்ணெய் எங்கள் வண்டிக்கு பிஎஸ்எஃப்-3. ஒர்க்ஷாப்பில் சிவப்பு எண்ணெய் டின் கையில் இருக்கும், எல்லா வண்டிக்கும் அதையே ஊற்றுகிற பழக்கமும் இருக்கும், உங்கள் கையேட்டில் எது போட்டிருக்கிறதோ அதைத்தான் ஊற்றச் சொல்லுங்கள். காற்று எடுப்பதற்கு முன்பக்கத்தை ஜாக்கி போட்டுத் தூக்கி ஸ்டாண்டில் நிறுத்திவிட்டு, என்ஜினை ஸ்டார்ட் பண்ணாமலே ஸ்டீரிங்கை இந்தக் கடைசிக்கும் அந்தக் கடைசிக்குமாகப் பல தடவை மெதுவாகத் திருப்ப வேண்டும், டப்பாவில் அளவு இறங்க இறங்க ஊற்றிக்கொண்டே இருக்க வேண்டும். குமிழி நின்ற பிறகுதான் ஸ்டார்ட். அவசரப்பட்டு முதலிலேயே ஸ்டார்ட் பண்ணினால் பம்ப் காற்றையும் எண்ணெயையும் சேர்த்துக் கடைந்துவிடும், அந்த நுரை அடங்க நேரமாகும்.

அன்றைக்கே கீச்சுச் சத்தம் போய்விட்டது, முனகலும் இல்லை. பம்ப் இன்றைக்கும் அதே பம்ப்தான். பிள்ளையார்பட்டி, குன்றக்குடி என்று பக்கத்து ஓட்டமும், ராமேஸ்வரம், பழனி என்று தூர ஓட்டமும் போய்க்கொண்டுதான் இருக்கிறது. மாற்றிய சில வாரங்களில் ரிட்டர்ன் ஹோஸ் கிளிப் ஓரம் லேசாக ஈரம் தெரிந்தது, புது ரப்பர் அமுங்கியதால் கிளிப் தளர்ந்திருந்தது, ஒரு திருப்பு திருப்பியதும் நின்றது. அதற்குப் பிறகு டப்பாவில் அளவு இறங்கவில்லை, எண்ணெயும் கறுக்கவில்லை. வீட்டில் யார் ஓட்டினாலும் ஸ்டீரிங்கைக் கடைசி வரை ஒடித்து அப்படியே அழுத்திப் பிடிக்க வேண்டாம் என்று சொல்லிவைத்திருக்கிறேன், எண்ணெய் கொதிப்பதே அந்த நேரத்தில்தான். கொட்டகைக்குள் வளைத்து ஏற்றும்போது கடைசியைத் தொட்டதும் ஒரு விரல்கடை திருப்பி விட்டால் போதும்.

கொட்டகையில் நிற்கிற வண்டிக்கும் இதெல்லாம் பொருந்தும். ஓடாவிட்டாலும் ரப்பருக்கு வயதாகும், அதுவும் நம் ஊர் சித்திரை வெயிலில். பதினைந்து வருடம் தாண்டிய வண்டி என்றால் கசிவு வரட்டும் என்று காத்திருக்காமல் ஹோஸைக் கிளிப் பக்கத்தில் கையால் அமுக்கிப் பாருங்கள். குச்சி மாதிரி விறைத்திருந்தாலும், கொழகொழவென்று அமுங்கினாலும் ஆர்டர் போட்டுவிடலாம். அக்சென்ட்டில் பெட்ரோலுக்கும் டீசலுக்கும் என்ஜின் வேறு, அதனால் பிரஷர் ஹோஸ் கேட்கும்போது மாடல் பெயரை மட்டும் சொல்லாமல் ஆர்சி புத்தகத்தில் உள்ள சேசிஸ் நம்பரைக் கொடுத்து வாங்குங்கள்.