செங்கால் ஆமைக்கு எந்த யூவிபி விளக்கு: டி5 குழாயா, மெர்குரி வேப்பர் பல்பா?

செங்கால் ஆமை தென் அமெரிக்கக் காடுகளிலும் காட்டோரங்களிலும் வாழ்வது. இலைகளின் இடுக்கில் விழும் வெயில்தான் அதற்குப் பழக்கம். வீட்டுக்குள் வளர்ப்பவர்கள் இதை முதலில் மனதில் வைக்க வேண்டும்.

மெர்குரி வேப்பர் பல்பு சூட்டையும் யூவிபியையும் (வெயிலில் உள்ள ஒருவகைப் புற ஊதாக் கதிர்) சேர்த்தே தரும். வசதிதான். ஆனால் வெளிச்சத்தைக் குறைக்கும் டிம்மரிலோ சூட்டைக் கட்டுப்படுத்தும் தெர்மோஸ்டாட்டிலோ இணைக்க முடியாது. அணைத்தால், ஆறிய பிறகுதான் மறுபடி எரியும். ஒரே இடத்தில் குவியும் சூடு ஆமையின் ஓட்டை உலர்த்தும். ஈரப்பதம் நிறைய வேண்டிய குட்டிக்கு இது கெடுதல்; ஓடு மேடுமேடாக வளர வறட்சியும் ஒரு காரணம்.

நான் மெல்லிய டியூப்லைட் போன்ற டி5 குழாயைத்தான் சொல்வேன். ஒளி நீளவாக்கில் பரவும், சூடு குறைவு. யூவிபி அளவு 6 சதவீதம் என்று குறித்த குழாய் போதும். பாலைவன உயிர்களுக்கான 12 சதவீதம் வேண்டாம். ஓட்டின் உயரத்தில் யூவி குறியீடு (புற ஊதாக் கதிரின் வலிமை) 1 முதல் 2 வரை இருந்தால் சரி, யூவி மீட்டரில் அளந்து பாருங்கள். நடுவே கண்ணாடி இருந்தால் யூவிபி கிட்டத்தட்ட வராது; கம்பிவலையும் ஒரு பங்கைத் தடுக்கும்.

கூண்டின் பாதி நீளத்துக்கு மட்டும் குழாயை மாட்டி, மறுபாதியில் செடியும் மரப்பட்டையும் வையுங்கள். ஆமை கழுத்தை நீட்டி வெளிச்சத்தில் கொஞ்ச நேரம் படுத்திருக்கும், அப்புறம் தானே நிழலுக்குப் போய்விடும்.

சூட்டுக்குத் தெர்மோஸ்டாட்டோடு தனி செராமிக் ஹீட்டர் வாங்க வேண்டும், அந்தச் செலவு உண்டு. வெளிச்சம் நன்றாகத் தெரிந்தாலும் யூவிபி குறைந்துகொண்டே வரும்; வருடத்துக்கு ஒருமுறை குழாயை மாற்றிவிடுங்கள்.