பூசாத செங்கல் சுவரோடு எட்டு வருஷம்

பூச்சே வேண்டாம், சேம்பர் செங்கல் அப்படியே தெரியட்டும் என்று அடம்பிடித்துக் கட்டிய வீடு. குடிவந்து எட்டு வருஷம். பெயின்ட் செலவு மிச்சம் என்றார்கள், அது உண்மை. பராமரிப்பே இல்லை என்றும் சொன்னார்கள், அது பொய்.

முதல் அடைமழை ஓய்ந்து தை பிறந்ததும், தரையிலிருந்து இரண்டடி உயரத்துக்குச் சுவர் வெள்ளையாகப் பூத்தது. தொட்டால் கோலமாவு மாதிரி விரலில் ஒட்டும். கொத்தனார் ஒரு துளி நாக்கில் வைத்துப் பார்த்து, "உப்பு சார்" என்றார். ஹோஸ் வைத்துக் கழுவினேன், பளிச்சென்று ஆனது. நாலு நாள் வெயிலில் முன்னைவிட அதிகமாகப் பூத்துவிட்டது. கரைந்த உப்பு செங்கலுக்குள்ளேயே இறங்கி, காயும்போது மறுபடி வெளியே வந்திருக்கிறது. இப்போதெல்லாம் நன்றாகக் காய்ந்த நாளில் நார் பிரஷால் தண்ணீர் படாமல் தேய்த்து, தூளைக் கூட்டி அள்ளிவிடுகிறேன். வருஷத்துக்கு வருஷம் குறைந்து, இப்போது தேடினால்தான் தெரிகிறது.

ஜன்னலுக்குக் கீழே இருந்த வெள்ளை வேறு ரகம். தண்ணீரில் கரையவில்லை, வினிகர் விட்டால் நுரைத்தது. கட்டும்போது வழிந்த சிமென்ட். அதற்கு நான் செய்ததுதான் பெரிய முட்டாள்தனம்: கடை ஆசிட்டைத் தண்ணீர் கலக்காமல், காய்ந்த சுவரில் ஊற்றினேன். சிமென்ட்டோடு பாயிண்டிங்கும் (செங்கல் இடுக்குகளில் அடைத்த கலவை) அரித்துப்போய், மஞ்சள் திட்டு விழுந்தது. குரோட்டன்ஸ் தொட்டி வைத்து மறைத்திருக்கிறேன்.

வடக்குச் சுவரில் பாசி. மழையில் பச்சை, கோடையில் கறுப்பு. பிளீச்சிங் பவுடர் கரைசலின் தெளிவைத் தடவி, கால் மணி நேரம் விட்டுத் தேய்த்தால் போய்விடும். (ஆசிட் பட்ட இடத்தில் பிளீச்சிங் படவே கூடாது, குளோரின் வாயு கிளம்பும்.) ஆனால் மூன்று வருஷமும் அதே கோட்டில் திரும்ப வந்தது. ஒருநாள் அண்ணாந்து பார்த்தேன்: ஏசி தண்ணீர்க் குழாய் சுவரை ஒட்டியே சொட்டிக்கொண்டிருந்தது. அரையடி நீட்டிவிட்டேன். அப்புறம் பாசி இல்லை.

இன்னும் தீராதது போர்டிகோ சுவர். பளபளப்புக்காக வார்னிஷ் அடிக்கவைத்தேன். உள்ளே இருந்த ஈரம் வெளியேற வழியில்லாமல், உப்பு அந்தப் படலத்துக்குப் பின்னாலேயே கட்டி, செங்கலின் முகம் செதில் செதிலாக உதிர்கிறது. வார்னிஷைச் சுரண்டுவதா, அந்தச் சுவரை மட்டும் பூசிவிடுவதா என்று வீட்டில் பேச்சு ஓடுகிறது. "அன்னைக்கே பூசியிருக்கலாம்ல" என்கிறாள் அம்மா.