எச்சரிக்கை: ஈரம் போகாத லேட்டக்ஸ் பிரிண்டுக்கு 68,400 ரூபாய் இழந்தேன்

சென்னையில் சுவர் வினைல், அதாவது படம் அச்சிட்ட பிளாஸ்டிக் ஒட்டுத்தாள், ஒட்டும் தொழிலைச் சிறிய அளவில் செய்துவரும் நான், ஒரு டிஜிட்டல் பிரிண்டிங் கடையில் 68,400 ரூபாயைப் பறிகொடுத்துவிட்டு, அந்த வயிற்றெரிச்சல் அடங்காமல் இதை எழுதுகிறேன். குழந்தைகள் மருத்துவமனை ஒன்றின் காத்திருப்பு அறைக்குக் கடலடிக் காட்சி. 4 அடி அகலமும் 10 அடி உயரமும் கொண்ட 19 பட்டைகள், லேமினேஷனோடு சதுர அடி 90 ரூபாய். ரசாயனக் கரைப்பானில் கலந்த சால்வென்ட் மையின் வாடை அங்கே ஆகாது, அது காயவும் நாளாகும் என்பதால், தண்ணீரை அடிப்படையாகக் கொண்ட லேட்டக்ஸ் மையைத் தேர்ந்தெடுத்தேன்.

கடைக்காரர் ஒரு மாதிரித் துண்டை மேசைமேல் விரித்து, தம் பாட்டிலிலிருந்து தண்ணீரை ஊற்றி, வெள்ளைக் கைக்குட்டையால் அழுத்தித் துடைத்துக் காட்டினார். கைக்குட்டையில் துளி நிறம்கூட ஒட்டவில்லை. இயந்திரத்துக்குள்ளேயே காய்ந்துதான் வெளியே வருகிறது, உடனே லேமினேஷன் போடலாம் என்றார். முறையாக ஓட்டினால் லேட்டக்ஸ் அப்படித்தான். ஆனால் அந்தத் துண்டு என்றோ நிதானமாக ஓட்டிய வேறொரு வேலை என்பது எனக்கு அப்போது உறைக்கவில்லை. நம்பி, 68,400 ரூபாயையும் அங்கேயே அனுப்பிவிட்டேன்.

மழை கொட்டிய ஒரு நவம்பர் மாலையில், பிளாஸ்டிக் உறையில் இறுகச் சுற்றிய உருளைகளாகச் சரக்கு வந்தது. மறுநாள் ஒட்டினோம். அடுத்த நாள் காலையில் ஆழ்கடலின் கருநீலப் பகுதி முழுவதும் வெள்ளி படர்ந்ததுபோல் கொப்புளம் கட்டியிருந்தது. ஒரு மூலையை நகத்தால் நெம்பியபோது, லேமினேஷன் படலம் தனியாகக் கழன்று, நீல மையையும் தன்னோடு எடுத்துக்கொண்டு வந்தது. விரலில் எண்ணெய் போன்ற பிசுக்கு.

லேட்டக்ஸ் மையில் பெரும்பகுதி தண்ணீர். இயந்திரத்தின் சூட்டில் அது ஆவியாகி, மையிலுள்ள பாலிமர் துகள்கள் உருகிச் சேர்ந்து, நிறத்தைப் பொதிந்த படலமாக மாற வேண்டும். அவசரத்துக்காகப் பாஸை, அதாவது அச்சுத் தலை ஒரே இடத்தின்மேல் போய்வரும் தடவைகளை, குறைத்து வேகத்தைக் கூட்டினாலோ, மின்னழுத்தம் இறங்கிச் சூடு போதாமல் போனாலோ, மை அரைவேக்காடாக வெளியே வந்து பிறகு கசியும். மை அதிகமாக விழும் இருண்ட நிறங்களில்தான் இது முதலில் தெரியும். நியாயம் கேட்கப் போன அன்று, உறை பிரித்த வினைல் ரோல்கள் ஷட்டருக்கு அருகில் ஈரத் தரையில் நிற்பதையும் பார்த்தேன். பிளாஸ்டிக்கான வினைல் ஈரத்தை அவ்வளவாக உறிஞ்சாது. அதன் பசைப் பக்கத்தை மூடியிருக்கும் பின்தாள் உறிஞ்சிக்கொண்டு ஓரங்களில் அலையடிக்கும்.

சுவரில்தான் ஈரம் என்றார் கடைக்காரர். சுவர் ஈரமென்றால் வினைலுக்குப் பின்னால் அல்லவா கொப்புளம் கட்ட வேண்டும்? இங்கே மைக்கும் லேமினேஷனுக்கும் நடுவில் கட்டியிருக்கிறது. அதே சுவரில், மை குறைவாக விழுந்த வெளிர் மணல் பகுதி அப்படியே நன்றாக இருக்கிறது. எல்லாவற்றுக்கும் மேலாக, ஒட்டாமல் உருளையிலேயே மீதமிருந்த 19ஆவது பட்டையும் பிசுக்கு விட்டிருந்தது. அதை அவர் மேசையிலேயே விரித்துக் காட்டினேன். ஆபரேட்டர் ஊருக்குப் போயிருக்கிறார், வந்ததும் பேசலாம் என்றார். பிறகு என் உதவியாளர், வினைலைச் சுவரில் படியவைக்கும் ஸ்குவீஜி பட்டையை அழுத்தித் தேய்த்ததே காரணம் என்றார். இப்போது என் அழைப்பையே எடுப்பதில்லை. 68,400 ரூபாய்க்கு அவர் கடைசியாகச் சொன்ன பரிகாரம், அடுத்த ஆர்டரில் 10 சதவீதத் தள்ளுபடி.

விரிவாக எழுத நினைத்தேன். இன்றிரவே சுவரைச் சுரண்ட வேண்டியிருப்பதால் சிலவற்றை மட்டும் சொல்கிறேன். உங்கள் கோப்பிலிருந்தே, அதிலும் இருண்ட பகுதியிலிருந்தே, ஓர் அடித் துண்டை அதே ரோலில், அதே வேகத்தில் அடித்துக் கேளுங்கள். ஈரத் துணியால் நீங்களே தேயுங்கள். லேமினேஷன் போடும் முன் நேரில் போய்த் தொட்டுப் பாருங்கள். ரோல்கள் எங்கே வைக்கப்பட்டிருக்கின்றன என்று பாருங்கள். சரக்கைப் பிரித்துப் பார்க்காமல் முழுப் பணத்தையும் கொடுக்காதீர்கள்.