தருமபுரி டயாலிசிஸ் மையம்: ஏசியை விடுங்க, எடை மெஷினைப் பாருங்க

தருமபுரி பஸ் ஸ்டாண்டிலிருந்து நடந்தே போய்விடக்கூடிய ஒரு தனியார் டயாலிசிஸ் மையம். ஏசி, டிவி, சுத்தமான பெட்ஷீட் எல்லாம் உண்டு. அதற்கெல்லாம் மார்க் போடப் போவதில்லை.

முதலில் தண்ணீர். நல்ல சிறுநீரகங்கள் நாளொன்றுக்குச் சுமார் 180 லிட்டர் வடிகட்டி, வேண்டியதைத் திரும்ப உறிஞ்சிக்கொண்டு ஒன்றரை லிட்டரை மட்டும் சிறுநீராக விடுகின்றன. மெஷினுக்கு அந்த உறிஞ்சும் வேலை தெரியாது. சவ்வின் ஒரு பக்கம் ரத்தம், மறுபக்கம் டயாலிசேட், அதாவது தண்ணீரில் உப்புகள் கலந்த கரைசல். நிமிடத்துக்கு 500 மி.லி. ஓடினால் 4 மணி நேரத்தில் 120 லிட்டர். அந்தத் தண்ணீரில் கரைந்திருக்கும் சின்னச் சின்ன அயனிகள் சவ்வைத் தாண்டி நேராக ரத்தத்துக்குள் போகும்.

நம்ம ஊர் போர் தண்ணீரில் ஃபுளோரைடு தொல்லை தெரிந்ததே. குடிப்பதற்கு லிட்டருக்கு 1.5 மி.கி. வரை அனுமதி, டயாலிசிஸுக்கு 0.2 மி.கி. தான். ஒகேனக்கல் தண்ணீர் பிடித்தால் குளோரின் இருக்கும். அதை ஆர்.ஓ. நிறுத்தாது, முன்னால் உள்ள கார்பன் டேங்க்தான் நிறுத்த வேண்டும். அது தேய்ந்துபோனால் சிவப்பணுக்கள் உடையும். இங்கே ஒவ்வொரு ஷிப்டுக்கு முன்னும் குளோரின் பார்த்து நோட்டில் எழுதுகிறார்கள், பாராட்டலாம். ஆனால் பலகையில் டி.டி.எஸ்., அதாவது தண்ணீரில் கரைந்திருக்கும் மொத்த உப்பின் அளவு, மட்டும்தான் இருக்கிறது. அதை வைத்து ஃபுளோரைடு எவ்வளவு என்று சொல்ல முடியாது. லேப் ரிப்போர்ட்டைக் கேட்டால் காட்டுகிறார்கள். கேட்காமலே ஒட்டி வைக்கலாமே.

அடுத்தது எடை. இங்கேதான் சறுக்குகிறார்கள். காலை ஷிப்டில் செருப்பைக் கழற்றச் சொல்லி, பையை வாங்கி வைத்து, ஒழுங்காக எடை எடுக்கிறார்கள். ராத்திரி ஷிப்டில் நோயாளி சொல்லும் எடையையே எழுதிக்கொள்கிறார்கள். உலர் எடை (உடம்பில் கூடுதல் நீர் தேங்காதபோது இருக்கும் எடை) 50 கிலோ உள்ளவர் 53 கிலோவாக வந்தால், 3 லிட்டரை 4 மணி நேரத்தில் எடுக்க மணிக்கு 750 மி.லி. இழுக்க வேண்டும். அதாவது கிலோவுக்கு மணிக்கு 15 மி.லி.; 13-ஐத் தாண்டக் கூடாது. ரத்தத்திலிருந்து மெஷின் இழுக்கும் வேகத்துக்கு, திசுக்களில் தேங்கிய நீர் ரத்தத்துக்குத் திரும்பாது. பிரஷர் விழும், கெண்டைக்கால் பிடித்துக்கொள்ளும். ஒரு மணி நேரம் நீட்டினால் 12-க்கு இறங்கிவிடும். காலையில் நீட்டுகிறார்கள். ராத்திரியில் கேட்டால் "வண்டி போயிடும்" என்ற பதில்தான். கடைசியில் டியூப்பிலுள்ள ரத்தத்தைத் திருப்ப விடும் சலைனையும், நடுவில் குடிக்கும் டீயையும் கணக்கில் சேர்க்க மறக்கிறார்கள். அதனால் வீட்டுக்குப் போகும்போதே கால் கிலோ மிச்சம்.

முதலமைச்சர் காப்பீட்டு அட்டை செல்லும். ஊசி எடுத்தபின் ஃபிஸ்டுலாவை (டயாலிசிஸ் ஊசி குத்துவதற்காகத் தமனியையும் சிரையையும் இணைத்த இடம்) பத்து நிமிடமாவது பொறுமையாக அழுத்திப் பிடிக்கிறார்கள். வாசலில் பொட்டாசியம் நிறைந்த இளநீர்க் கடை ஒன்று இருக்கிறது, பொட்டாசியம் ஏறினால் பிரச்சினை உள்ளவர்கள் வரும் இடத்தில்! உடன் வருபவர்கள் மட்டும் குடிக்கலாம்.

இரண்டு டயாலிசிஸுக்கு நடுவில் இரண்டரை கிலோவுக்கு மேல் ஏறுகிறவர்கள் காலை ஷிப்ட் கேட்டு வாங்குங்கள். கிடைக்காவிட்டால் ராத்திரி ஷிப்டுக்கு ஒத்துக்கொள்ளாமல் வேறு மையம் பார்ப்பது நல்லது.