செயின்சா சாணை மெஷின்: மூன்று வருடப் புழக்கம்

கூட வேலை செய்யும் தம்பி நேற்று கேட்டான்: "அண்ணே, உங்ககிட்ட இருக்கிற சாணை மெஷின் விலை இறங்கியிருக்கு, வாங்கிடவா?" கேட்ட நேரம் சரியில்லை. அன்று காலையில்தான் நல்ல செயின் ஒன்றை அதில் வைத்துக் கெடுத்திருந்தேன்.

பினாங்குத் தீவின் பாலிக் புலாவ் சரிவில் டுரியான் தோட்டங்களில் கிளை கழிப்பதும் விழுந்த மரத்தை அறுப்பதும் என் தொழில். பழைய மரத்துக்குள் யாரோ எப்போதோ அடித்த ஆணி இருக்கும். அதில் பட்டால் போச்சு, 18 அங்குல பாரில் (செயின் சுற்றி ஓடும் நீளத் தகடு) ஓடும் 36 பல்லில் பாதி மொட்டையாகிவிடும். அதை அரத்தால் மீட்க ஒரு மணி நேரமாவது தேய்க்க வேண்டும். மெஷினில் கால் மணி நேரம். 30 டிகிரியில் பூட்டிவிட்டால் எல்லாப் பல்லும் ஒரே சாய்வில் நிற்கும், அந்த நிதானம் என் கைக்கு வராது. மோட்டாரும் இதுவரை ஒரு நாள் படுத்ததில்லை.

ஆனால் அந்த நீலம்! கல்லை ஒரு நொடி கூடுதலாக அழுத்தினால் பல்லின் முனை நீலம் பாரித்துவிடுகிறது. சூட்டில் எஃகின் பதம் கெட்டுப்போன அடையாளம் அது. அப்புறம் தோட்டத்தில் அரம் போட்டால் கடிக்காமல் வழுக்கிக்கொண்டு போகும். தொட்டுத் தொட்டு எடுக்க வேண்டும் என்று எனக்குத் தெரியும், நேற்று அவசரப்பட்டது என் தப்புதான். ஆனாலும் கூடவே வந்த கல் ஆறு பல் முடிவதற்குள் மழுங்கிப் பளபளவென்று ஆகிவிடுகிறது. அப்படி ஆன கல் அறுக்காது, சூடுதான் ஏற்றும். ஆறு பல்லுக்கு ஒரு தடவை நிறுத்திக் கல்லைச் சொரசொரப்பாக்க யாருக்குப் பொறுமை இருக்கிறது? மூன்று வருடமாக இதே எரிச்சல்.

இதனாலேயே 4.8 மில்லி உருட்டு அரத்தின் மேல் எனக்குப் பாசம் வந்தது. பெட்ரோல் ஊற்றும்போதெல்லாம் பல்லுக்கு இரண்டு மூன்று இழுப்பு, உள்ளிருந்து வெளியே, ஒரே திசையில். சூடும் இல்லை, நீலமும் இல்லை. தூளாகக் கொட்டிக்கொண்டிருந்த மரம் மறுபடி சில்லு சில்லாகப் பறக்கும். அதைப் பார்க்கிற சந்தோஷம் மெஷினில் எனக்குக் கிடைத்ததே இல்லை. நாலைந்து தடவைக்கு ஒருமுறை பல்லுக்கு முன்னால், அது கடிக்கும் ஆழத்தைக் கட்டுப்படுத்தும் சின்ன மேட்டையும் தட்டை அரத்தால் இறக்க வேண்டும், பல்லின் முனையை விட 0.65 மில்லி தாழ்வாக இருக்கும்படி. மெஷின் வைத்திருப்பவர்கள் பலர் இதை மறந்துவிட்டு, கூர்மையான செயின் ஏன் இறங்கவில்லை என்று பாரை அழுத்துகிறார்கள்.

தம்பியிடம் வாங்காதே என்று சொல்லிவிட்டேன். விலை பாதியானாலும் வேண்டாம், அந்தக் காசுக்கு நல்ல அரமாகப் பார்த்து வாங்கு என்றேன். ஆணி பட்ட செயின் இருந்தால் என் வீட்டுக்குக் கொண்டுவரட்டும். மெஷினில் நானே சாணை பிடித்துத் தருகிறேன்.