பிக்சலில் கிராபீன்ஓஎஸ்: இரண்டு மாதம் கழித்து

கிராபீன்ஓஎஸ் என்பது கூகுளின் பிக்சல் போன்களில் நாமே போடக்கூடிய, தனியுரிமையைக் காக்கும் ஆண்ட்ராய்டு வகை இயங்குதளம். அதற்காக யாழ்ப்பாணம் கஸ்தூரியார் வீதியில் பிக்சல் 8 வாங்கப் போனபோது விலையைவிட முதலில் நான் பார்த்தது, டெவலப்பர் அமைப்புகளில், வேறு இயங்குதளம் போட வழிவிடும் 'ஓஇஎம் அன்லொக்' அழுத்த முடிகிறதா என்பதைத்தான். முதல் கடையில் காட்டிய போனில் அது மங்கிக் கிடந்தது. வெளிநாட்டுத் தொலைபேசிச் சேவை நிறுவனம் பூட்டிய போன். "அதெல்லாம் பிறகு சரியாகும் அண்ணை" என்றார் கடைக்காரத் தம்பி. ஆகாது. அடுத்த கடையில் வாங்கினேன்.

இதேபோன்ற இன்னொரு இயங்குதளமான லினியேஜ்ஓஎஸ் பல நிறுவனப் போன்களில் ஓடும். ஆனால் கிராபீனில், போன் தொடங்கும்போது இயங்குதளத்தை ஏற்றும் பூட்லோடரை, நிறுவி முடித்ததும் பாதுகாப்புக்காகத் திரும்பப் பூட்டலாம். அதற்காகவே அதை எடுத்தேன். பிரவுசரிலேயே நிறுவலாம், முக்கால் மணித்தியாலம் போனது. பூட்லோடரை அன்லொக் செய்தால் போனில் உள்ளதெல்லாம் அழியும், புதிதாக இருக்கும்போதே செய்துவிடுங்கள்.

பிடித்தது: எந்தச் செயலிக்கும் இணையத்தை நிறுத்தலாம். கூகுளின் விசைப்பலகைச் செயலியான ஜீபோர்டில் தமிழை இறக்கியதும் அதன் இணையத்தை அணைத்தேன். நான் அடிப்பதை அது நேரடியாக இணையத்துக்கு அனுப்ப முடியாது, தமிழும் தடையின்றி வருகிறது.

கூகுள் பிளே சாதாரணச் செயலிபோல் அடங்கிக் கிடக்கிறது. ஒரு வங்கிச் செயலி மட்டும் திறக்கவே மாட்டேன் என்கிறது. அதற்கென்று பழைய போன் இன்னும் மேசை லாச்சிக்குள் கிடக்கிறது.